கூட்டம் இல்லாத கரைக்குக் கிளம்பும் முன்

ஆஃப் சீசனில் கடற்கரைக்கோ ஏரிக்கோ மலைக்கோ போக நினைப்பவர்கள் பெரும்பாலும் அறை வாடகையைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். வாடகை பாதியாக இறங்கியிருக்கிறது, நெரிசல் இருக்காது, போய்விட்டு வரலாம் என்று தோன்றிவிடும். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அங்கே கூட்டம் ஏன் இல்லை?

மூன்று காரணங்களில் ஒன்றாகத்தான் இருக்கும். விடுமுறை முடிந்து பள்ளிகள் திறந்துவிட்டதால் ஆட்கள் போய்விட்டார்கள், மற்றபடி கடலும் மலையும் அப்படியேதான் இருக்கின்றன என்றால், அந்த இரண்டு மூன்று வாரங்களை விடவே கூடாது. வானிலை சரியில்லை என்பது இரண்டாவது காரணம். அப்போதும் போகலாம், ஆனால் அங்கே என்ன செய்யப் போகிறோம் என்பதை மாற்றிக்கொள்ள வேண்டும். மூன்றாவது, இடமே மூடிக் கிடக்கிறது: படகு ஓடவில்லை, கணவாய்ச் சாலையில் பனி, ரோப் கார் பராமரிப்பில் நிற்கிறது. அறை பதிவு செய்யும் திரையில் இந்த மூன்றும் ஒரே மாதிரி தெரியும் என்பதுதான் சிக்கல். அதே படம், அதே நீலத் தண்ணீர், குறைந்த வாடகை. வித்தியாசத்தை நாமே தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

முதல் வகையைப் பிடிப்பதற்குக் கடலைப் பற்றிய ஒரு விஷயம் தெரிந்திருந்தால் போதும். காற்று சீக்கிரம் சூடாகி சீக்கிரம் ஆறும். கடல் மெதுவாகத்தான் சூடாகும், மெதுவாகத்தான் ஆறும். வடக்கு மிதவெப்ப நாடுகளில் ஜூன் கடைசியில் பகல் மிக நீளமாக இருந்தாலும், கடல் மிகச் சூடாக இருப்பது ஆகஸ்ட், செப்டம்பரில். அதனால் மத்தியதரைக் கடல் மே மாதத்தில் இருப்பதைவிட அக்டோபர் தொடக்கத்தில் நன்றாகச் சூடாக இருக்கும். குளிப்பதற்காகப் போகிறவர்கள் சீசனுக்கு முந்தைய மாதத்தைவிட, சீசன் முடிந்த மாதத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. நடப்பதற்கும் பூக்களைப் பார்ப்பதற்கும் என்றால் நேர்மாறாக, முந்தைய மாதம்.

வெப்ப மண்டலத்தில் கணக்கு வேறு. அங்கே வெயிலை வைத்துப் பார்க்கக் கூடாது, காற்று எந்தப் பக்கத்திலிருந்து வீசுகிறது என்று பார்க்க வேண்டும். இலங்கை இதற்கு நல்ல உதாரணம். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது தெற்கு, தென்மேற்குக் கரைகளில் உள்ள மிரிஸ்ஸ, ஹிக்கடுவ பக்கம் கடல் கொந்தளிக்கும். அதே நாட்களில் கிழக்கே திருகோணமலைக் கடல் அமைதியாக இருக்கும். டிசம்பர், ஜனவரியில் நிலைமை தலைகீழ். தாய்லாந்திலும் மே முதல் அக்டோபர் வரை மேற்கே புக்கெட் கரையில் அலை எழும். கிழக்கே தாய்லாந்து வளைகுடாவில் இருக்கும் சாமுய் தீவுக்கு அக்டோபர், நவம்பர்தான் பெருமழைக் காலம். ஒரு நாட்டையே 'ஆஃப் சீசன்' என்று ஒதுக்குவதோ நம்பிப் போவதோ இரண்டுமே தவறு. எந்தக் கரை என்று கேட்க வேண்டும்.

காலநிலை அட்டவணையில் மாத மழையளவை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். 300 மில்லிமீட்டர் மழை பத்து மாலைகளில் கொட்டித் தீர்த்தால் காலைகள் எல்லாம் நமக்கு. அதே 300 மில்லிமீட்டர் இருபத்துநான்கு நாட்கள் தூறினால் துணிகூடக் காயாது. மழை பெய்யும் நாட்களின் எண்ணிக்கை, வெயில் அடிக்கும் மணிநேரம், காற்றின் வேகம், இந்த மூன்று வரிசைகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த மாதம் எப்படி இருக்கும் என்று புரியும். அட்லான்டிக் புயல் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அதிலும் ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரைதான் உச்சம். அந்த நாட்களில் கரீபியப் பக்கம் போவதாக இருந்தால், பயணக் காப்பீட்டைச் சீட்டு எடுத்த அன்றே எடுத்துவிடுங்கள். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு எடுக்கும் காப்பீடு பொதுவாக அந்தப் புயலுக்குச் செல்லாது.

இனி கடற்கரை. அதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆஃப் சீசனில் உயிர் போகும் தவறுகள் அதிகம் நடப்பது அங்கேதான்.

கொந்தளிக்கும் பருவத்தில் கரையின் வடிவமே மாறிவிடும். பெரிய அலைகள் மணலை அரித்து உள்ளே கொண்டுபோய்த் திட்டுகளாகக் குவித்துவிடும். படத்தில் பார்த்த அகலமான மணல்வெளி நாலில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கும், பாறைகள் வெளியே தெரியும், கரை செங்குத்தாக இறங்கும். செங்குத்தான கரையில் அலை தூரத்தில் உடையாமல் காலடியிலேயே வந்து உடையும். முழங்கால் அளவுத் தண்ணீரில் நிற்பவரைக்கூட அது தூக்கித் தலைகீழாக மணலில் அடிக்கும். கழுத்தெலும்பு முறிவது இப்படித்தான்.

இதைவிட ஆபத்தானது, கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டம். அலைகள் கரையில் கொண்டுவந்து தள்ளும் தண்ணீர் திரும்பிப் போக வழி வேண்டும். மணல் திட்டுகளுக்கு நடுவே ஒரு பள்ளம் கிடைத்தால் அத்தனையும் அதன் வழியாக ஓடும். அதன் வேகம் சில சமயம் நொடிக்கு 2 மீட்டரையும் தாண்டும், எந்த நீச்சல் வீரராலும் அதை எதிர்த்துக் கரைக்கு வர முடியாது. கொடுமை என்னவென்றால், பார்ப்பதற்கு அந்த இடம்தான் அமைதியாகத் தெரியும். ஆகவே தண்ணீரில் கால் வைக்கும் முன் கொஞ்சம் மேடான இடத்தில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைகிறது, நடுவில் ஒரு பட்டையில் மட்டும் உடையவில்லை. அந்தப் பட்டையில் தண்ணீர் கொஞ்சம் கருத்தோ கலங்கியோ இருக்கிறது. நுரையோ ஒரு குச்சியோ அதில் விழுந்தால் கரைக்கு வராமல் கடலுக்குள் போகிறது. அதுதான் அந்த ஓட்டம். 'அங்கே அலை இல்லை, குழந்தைகளை அங்கே விடலாம்' என்று ஒருவர் கை காட்டும் இடம் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நீந்த வேண்டாம். முதலில் மல்லாந்து மிதக்க வேண்டும். அந்த ஓட்டம் நம்மைத் தண்ணீருக்கு அடியில் இழுக்காது, வெளியேதான் கொண்டுபோகும். பதறி எதிர்த்து நீந்திக் களைத்துப் போவதால்தான் மூழ்குகிறார்கள். மூச்சு சீரானதும் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, அலை உடையும் இடத்துக்குப் போய், அந்த அலைகளோடு கரைக்குத் திரும்ப வேண்டும். முடியவில்லை என்றால் மிதந்தபடியே ஒரு கையை உயர்த்தி அசைக்க வேண்டும். ஆனால் ஆஃப் சீசனில் கரையில் பார்ப்பதற்கு ஆள் இருப்பாரா? உயிர்காப்பாளர்களைப் பல கடற்கரைகளில் சீசன் முடிந்ததும் எடுத்துவிடுவார்கள். கொடியே இல்லாத கரையைப் பார்த்து 'சிவப்புக் கொடி இல்லையே' என்று இறங்குபவர்கள் உண்டு. கொடி இல்லை என்றால் கடலைக் கவனிக்க ஆள் இல்லை என்று அர்த்தம், அவ்வளவுதான்.

அலை முன்னறிவிப்பில் உயரத்தோடு இன்னொரு எண்ணும் இருக்கும். ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே எத்தனை நொடி என்ற எண். அது 6, 7 என்றால் பக்கத்துக் காற்று கிளப்பிய அலை. 14க்கு மேல் போனால் தொலைதூரப் புயலிலிருந்து வரும் கனமான அலை. உயரம் 1.5 மீட்டர் என்று சாதுவாகப் போட்டிருந்தாலும் நீண்ட இடைவெளி அலை கரையில் மிக உயரமாக எழுந்து வெகுதூரம் ஏறும். பல நிமிடம் ஒன்றுமே இல்லாமல் இருந்துவிட்டுத் திடீரென மூன்று நான்கு சேர்ந்து வரும். ஐஸ்லாந்தின் ரெய்னிஸ்ஃபியாரா கருமணல் கரையில் படம் எடுக்க நின்றவர்களை இழுத்துப்போனது இந்த வகை அலைதான். ஈரமான மணலில் நிற்காதீர்கள், கடலுக்கு முதுகு காட்டாதீர்கள். பெருமழைக்குப் பிறகு ஆறோ ஓடையோ கலக்கும் இடத்தில் மூன்று நாட்களுக்குக் குளிக்கவும் வேண்டாம். ஊரின் கழிவெல்லாம் அந்த வழியாகத்தான் வரும்.

இவ்வளவு சொன்ன பிறகும், கொந்தளிக்கும் பருவத்தில் கடற்கரைக்குப் போகலாம் என்றே சொல்வோம். ஆனால் குளிப்பதற்கு அல்ல, பார்ப்பதற்கு. அப்படியென்றால் கரையோரத்தில் அறை எடுக்காமல், குன்றின் மேல் கடலைப் பார்த்த ஜன்னல் உள்ள அறையாகப் பாருங்கள்.

ஏரிகளுக்கு ஆஃப் சீசன் கடலைவிடப் பொருத்தமானது. படகுகள் குறைந்தால் தண்ணீர் அசையாது, மலையின் பிம்பம் முழுசாகத் தலைகீழாக விழும். அது விடியலிலிருந்து இரண்டு மூன்று மணிநேரம்தான். வெயில் சரிவுகளைச் சூடாக்கியதும் காற்று கிளம்பிப் பிம்பம் கலைந்துவிடும். இலையுதிர் காலத்தில் அதே விடியலில் மூடுபனியும் இருக்கும். தண்ணீர் இன்னும் சூடாக, காற்று குளிர்ந்து இருப்பதால் ஏரி புகைவது போலத் தெரியும். ஒன்பது, பத்து மணிக்கு அது விலகும்போது காற்று தொடங்கியிருந்தால் அன்றைக்குப் பிம்பம் கிடையாது. அதனால் ஏரிக்கு ஒரே இரவு தங்கும் திட்டம் போடாதீர்கள். குறைந்தது இரண்டு விடியல் வேண்டும், மூன்று இருந்தால் நிம்மதி.

பனிப்பாறை ஏரிகளில் பலர் ஏமாறுவது நிறத்தில். கனடாவின் லூயிஸ் ஏரிக்கு அந்தப் பச்சை நீலம் வருவது, பனிப்பாறை அரைத்த பாறைத் தூள் உருகும் நீரோடு வந்து கலந்து மிதப்பதால். உருகல் இருந்தால்தான் தூள், தூள் இருந்தால்தான் நிறம். ஏப்ரலில் போனால் வெள்ளை உறைபனியைத்தான் பார்ப்பீர்கள். மே கடைசி வரைகூட உறைந்தே இருக்கும். பக்கத்து மொரெய்ன் ஏரிக்குப் போகும் சாலையே அக்டோபர் நடுவில் மூடினால் அடுத்த கோடைத் தொடக்கத்தில்தான் திறக்கும். நாம் பார்த்த படம் எந்த மாதம் எடுத்தது என்று தேடிக் கண்டுபிடித்துவிட்டுத்தான் தேதியை முடிவு செய்ய வேண்டும். அணை ஏரிகளுக்கும் இதே கதை. வறண்ட பருவக் கடைசியில் தண்ணீர் இறங்கி, சுற்றிலும் வெடித்த சேற்று வளையம்தான் இருக்கும்.

வெயில் அடிக்கிறதே என்று வசந்தத்தில் மலை ஏரிக்குள் குதிப்பது பெரிய தவறு. கரையில் 22 டிகிரி இருக்கும்போது தண்ணீர் 6 டிகிரியில் இருக்கலாம். 15 டிகிரிக்குக் கீழே உள்ள நீரில் திடீரென விழுந்தால் மூச்சு நம் கட்டுப்பாட்டில் இருக்காது. அந்த நேரத்தில் தலை நீருக்குள் இருந்தால் ஒரே மூச்சில் தண்ணீரை இழுத்துவிடுவோம். உறைகுளிர் நீருக்குக் கனடாவின் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் சொல்லும் 1-10-1 கணக்கு நினைவில் வைக்கத் தக்கது. மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம், கைகால் வேலை செய்வது 10 நிமிடம், உடல் குளிர்ந்து நினைவு தப்ப 1 மணிநேரம். வாடகைப் படகில் ஏறினால் உயிர்காப்பு உடையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் போட்டுக்கொள்ளச் சொல்வது இதனால்தான். பத்து நிமிடத்துக்குப் பிறகு அதன் கொக்கியைப் பூட்ட விரல் வராது.

உறைந்த ஏரியில் நடக்க, தெளிவான கண்ணாடிப் பனி குறைந்தது 10 சென்டிமீட்டர் கனம் வேண்டும். பால் போல் வெளுத்த பனிக்குப் பாதி வலுதான், ஆகவே 20. ஓடை வந்து சேரும் இடம், தண்ணீர் வெளியேறும் வாய், நாணல் புதர், பாலத்தின் அடி, இங்கெல்லாம் கனம் குறைந்திருக்கும். வசந்தத்தில் பனி சாம்பல் நிறத்துக்கு மாறிவிட்டால் எத்தனை கனம் இருந்தாலும் இறங்க வேண்டாம். இன்னொன்று, உறைவதற்கும் உருகுவதற்கும் இடைப்பட்ட வாரங்கள். ரஷ்யாவின் பைக்கால் ஏரியில் உள்ள ஓல்கோன் தீவுக்குக் கோடையில் படகு, நடுக் குளிர்காலத்தில் பனி மேலேயே வண்டிப் பாதை. நடுவில் சில வாரங்கள் படகும் ஓட முடியாது, வண்டியும் போக முடியாது. காற்று மெத்தை மேல் மிதந்து போகும் சிறு கலங்களை நம்பித்தான் இருக்க வேண்டும். 'குளிர்காலம்', 'கோடைகாலம்' என்று கேட்டால் இந்த இடைவெளி தெரியவராது. தேதியைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

மலையில் முதலில் பார்க்க வேண்டியது சாலை. இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாய் 2,757 மீட்டர் உயரம், குளிர்காலம் முழுக்க மூடியிருக்கும். அமெரிக்காவின் யோசெமிட்டியில் டியோகா கணவாய் பொதுவாக மே கடைசியிலோ ஜூனிலோ திறக்கும். பனி அதிகம் பெய்த 2023இல் ஜூலை 22 அன்றுதான் திறந்தது. 'வழக்கமாகத் திறக்கும் தேதி' என்பதை நம்பித் திரும்பப் பெற முடியாத அறையைப் பதிவு செய்யக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம். ஆல்ப்ஸ் பகுதியில் பனிச்சறுக்கு முடிந்த ஏப்ரல், மே மாதங்களிலும், இலையுதிர் காலம் முடியும் நவம்பரிலும் ரோப் கார்கள் பராமரிப்புக்காக வாரக்கணக்கில் நிற்கும். உயரத்தில் உள்ள மலைக்குடில்கள் ஜூன் நடு அல்லது கடைசியிலிருந்து செப்டம்பர் வரைதான். கீழே கிராமத்தில் வெயில் அடித்துப் பூ பூத்திருக்கும், மேலே போக வழியே இருக்காது.

மேலே ஏறும் ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி குறையும். கிராமத்தில் 13 டிகிரி என்றால், 2,000 மீட்டர் மேலே உள்ள முகட்டில் 0. அங்கே மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால் உடம்புக்கு அது மைனஸ் 6 போல இருக்கும். கைபேசி காட்டும் வெப்பநிலை கிராமத்துக்கானது என்பதை மறந்து மெல்லிய சட்டையோடு ஏறுவதுதான் அடிக்கடி நடக்கிறது.

வெளிச்சமும் கணக்கில் வர வேண்டும். ஆல்ப்ஸ் இருக்கும் 46 டிகிரி வடக்கு அட்சரேகையில் டிசம்பர் கடைசியில் பகல் ஒன்பது மணிநேரம்கூட இல்லை. பள்ளத்தாக்கில் முகடு மறைப்பதால் வெயில் அதிலும் பாதிதான். நடைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கணிக்க 1892இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் சொன்ன கணக்கே இன்றும் உதவுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணிநேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணிநேரம். 10 கிலோமீட்டர் தூரம், 900 மீட்டர் ஏற்றம் என்றால் மூன்றரை மணிநேரம், ஓய்வைச் சேர்க்காமல். சேறோ புதுப் பனியோ இருந்தால் இரண்டு மடங்காகக் கொள்ளுங்கள். அஸ்தமனத்துக்கு ஒன்றரை மணிநேரம் முன்பே கீழே இருக்க வேண்டும் என்று வைத்துப் பின்னோக்கி எண்ணினால் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று தெரிந்துவிடும். தலையில் மாட்டும் டார்ச் எப்போதும் பையில் இருக்கட்டும்.

பனிச்சரிவு அதிகம் நிகழ்வது 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவுகளில். நாம் நிற்கும் பாதை சமமாக இருந்தாலும் மேலே அப்படி ஒரு சரிவு இருந்தால் அது நம் மேல்தான் வரும். வசந்தத்தில் காலையில் கெட்டியாக இருக்கும் பனி, பிற்பகல் வெயிலில் ஈரமாகிச் சரியும். ஆகவே விடியும் முன் ஏறி, நண்பகலுக்குள் இறங்கிவிட வேண்டும்.

மழைக்கால மலைக்கு வேறு புத்தி வேண்டும். மண்சரிவு பெரும்பாலும் தொடர்ந்து சில நாட்கள் பெய்து மண் ஊறிய பிறகு வருகிறது; ஆகவே இன்றைய வானத்தைவிடக் கடந்த மூன்று நாள் மழை முக்கியம். சாலையில் சிறு கற்கள் உருண்டு கிடப்பது, மரங்கள் புதிதாகச் சாய்ந்திருப்பது, தெளிவாக ஓடிய ஓடை திடீரெனக் கலங்குவது, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அங்கே வண்டியை நிறுத்திப் படம் எடுக்க வேண்டாம், கடந்து போய்விடுங்கள் அல்லது திரும்பிவிடுங்கள். மழைக்காலத்திலும் காய்ந்திருக்கும் மலைகள் உண்டு. லடாக், ஸ்பிட்டி, நேபாளத்தின் மேல் முஸ்தாங் எல்லாம் இமயத்தின் மழை மறைவில் இருப்பவை, ஜூலை ஆகஸ்டில்தான் அங்கே போவார்கள். ஆனால் மறைவுப் பகுதிக்குப் போகும் சாலைகள் பல, மழை கொட்டும் பக்கமாக ஏறித்தான் போகின்றன. போகும் இடம் காய்ந்திருக்கிறது, போகும் வழி நனைகிறது. போவதற்கு ஒரு நாள், திரும்புவதற்கு ஒரு நாள் என்று கூடுதலாக வைக்காமல் அங்கே கிளம்பக் கூடாது.

தங்குமிடத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு, பத்து விமர்சனங்களைப் படிப்பதைவிட மேல். 'சீசன் எப்படி?' என்று கேட்டால் 'நல்லா இருக்கும், வாங்க' என்றுதான் பதில் வரும். உண்மையில் நடந்ததைக் கேட்க வேண்டும். இன்று காலை யாராவது கடலில் இறங்கினார்களா? கடந்த வாரம் எத்தனை நாள் படகு ஓடியது? நான் வரும் தேதியில் சமையலறை திறந்திருக்குமா, இரவிலும் உண்டா? எத்தனை அறைகளில் ஆட்கள் இருப்பார்கள்? பக்கத்திலோ கட்டடத்திலோ வேலை நடக்கிறதா? கட்டட வேலைகள் எல்லாம் ஆஃப் சீசனுக்காகவே காத்திருந்து தொடங்கும், காலை எட்டு மணிக்கு. ஹீட்டர் அறைக்குள் இருக்கிறதா, நாள் முழுக்கவா, சில மணிநேரமா? நேரலைக் கேமரா இருக்கும் இடமென்றால் ஒரு வாரம் தினமும் காலை ஒரே நேரத்தில் அதைப் பார்த்துவிடுங்கள்.

வெகுநாள் பூட்டிக் கிடந்த அறையைச் சாவி வாங்கும் முன் சோதியுங்கள். கதவைத் திறந்ததும் முதல் மூச்சில் வரும் வாசனைதான் உண்மை, ஐந்து நிமிடத்தில் மூக்கு பழகிவிடும். மெத்தையின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்து, உள்ளங்கையால் தொடுங்கள். சில்லென்று ஈரம் தெரிந்தால் வேறு அறை கேளுங்கள். அலமாரியின் பின்சுவர், திரைச்சீலையின் கீழ் விளிம்பு, இந்த இரண்டிலும்தான் பூஞ்சை முதலில் கறுக்கும். சுடுதண்ணீரை மூன்று நிமிடம் திறந்து விடுங்கள். பாதி காலியான விடுதியில் நல்ல அறைகள் இருக்கத்தான் செய்யும், கேட்டால் மாற்றித் தருவார்கள்.

வாடகையில் மிச்சமானது போக்குவரத்தில் போய்விடலாம் என்பதையும் முன்கூட்டியே கணக்குப் போட வேண்டும். பகிர்ந்து போகும் வண்டி, படகு எல்லாம் குறைந்தபட்ச ஆட்கள் சேர்ந்தால்தான் கிளம்பும். ஆள் சேராவிட்டால் முழு வண்டியையும் நாமே எடுக்க வேண்டும். இரண்டு பேராகப் போவதைவிட நான்கு பேராகப் போவது ஆஃப் சீசனில் பொருத்தம்.

பையைப் பற்றி நிறைய சொல்லத் தேவையில்லை. பருத்தி ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது. துவைத்த துணியை உலர்ந்த துண்டில் சுருட்டி முறுக்கி, பிறகு தொங்கவிட்டால் ஒரே இரவில் காயும். குளிரில் கைபேசியின் பேட்டரி சட்டென்று இறங்கும், உள்சட்டைப் பையில் உடம்போடு வையுங்கள். வெளியிலிருந்து சூடான அறைக்குள் வரும்போது கேமராவை ஜிப் கவரில் போட்டு மூடிய பிறகே உள்ளே கொண்டுவாருங்கள். ஒரு மணிநேரம் கழித்துத் திறந்தால் ஈரம் கவரின் மேல்தான் படியும், லென்ஸில் படியாது. வெப்பம் 7 டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண டயரின் ரப்பர் கெட்டித்துப் பிடி குறையும், பனி இல்லாத சாலையிலும். பனிச் சங்கிலி வாடகைக்கு வாங்கினால், ஒரு முறையாவது உலர்ந்த தரையில் மாட்டிக் கழற்றிப் பழகுங்கள். இருட்டில், பனியில், விரல் மரத்த நிலையில் அதைக் கற்றுக்கொள்ள முடியாது.

பதிவு செய்யும்போது, வானிலையை நம்பி இருக்கும் பகுதியைப் பயணத்தின் முதல் பாதியில் வையுங்கள். படகு நின்றாலோ சாலை மூடினாலோ தள்ளிப்போட இடம் இருக்கும். ஊருக்குத் திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவு, கடலையோ கணவாயையோ தாண்டி இந்தப் பக்கம் வந்துவிட்டதாகவே திட்டம் இருக்க வேண்டும். அந்த ஓர் இரவுக்கான அறையை மட்டும், வேறு எதையும் பதிவு செய்யும் முன்பே எடுத்துவிடுங்கள்.